மருந்தகத்தில் ஊசி போடலாமா?

நமது சரகத்திலுள்ள ஒரு வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் பேரவைக் கூட்டத்திற்கு அண்மையில் சென்றிருந்தோம். வரவு செலவு அறிக்கை படிக்கப்பட்டு, பங்கு ஈவு பற்றிய வழக்கமான வாக்குவாதமும் ஓய்ந்து, தேநீர் வருமா வராதா என்று அங்கத்தினர்கள் வாயிலைப் பார்த்துக் கொண்டிருந்த வேளையில், பின் வரிசையிலிருந்து முதிய நெசவாளர் ஒருவர் எழுந்தார். அவருடைய கணுக்காலில் துணிக்கட்டு இருந்தது.

"ஐயா, நம் சங்கத்து மருந்தகத்தில் நாய்க்கடி மருந்து விற்கிறார்கள். மருந்து படித்த பிள்ளையும் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். ஆனால் ஊசி போட்டுக்கொள்ள மட்டும் பன்னிரண்டு கிலோமீட்டர் போய்வர வேண்டியிருக்கிறது. ஒரு தடவை அல்ல, நாலு தடவை. நாலு நாள் தறி நின்றால் என் வீட்டில் என்ன எரியும்? மருந்து இங்கே இருக்கும்போது ஊசி மட்டும் ஏன் அங்கே?" என்று கேட்டார்.

சபையில் பலத்த கைத்தட்டல் எழுந்தது. சங்க மருந்தகத்திலேயே தடுப்பூசிகள் போட ஏற்பாடு செய்ய வேண்டும் என்னும் தீர்மானம் ஐந்தே நிமிடத்தில் ஏகமனதாக நிறைவேறியது. தலைவர் நம் பக்கம் திரும்பி, "ஆய்வாளர் ஐயா அபிப்பிராயம் சொல்ல வேண்டும்" என்றார். நாம் பொருளியல் பயின்றவரேயன்றி மருத்துவம் பயின்றவரல்லர். ஆகவே ஒரு மாத அவகாசம் கேட்டுக்கொண்டு எழுந்தோம். அந்த ஒரு மாதத்தில் விசாரித்து அறிந்தவற்றை, இதே எண்ணம் கொண்ட மற்றச் சங்கத்தாருக்கும் பயன்படலாம் என்று கருதி இங்கே எழுதுகிறோம்.

முதலில் அம்முதியவரின் கதையைச் சொல்லிவிட வேண்டும். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டிக்கொண்டிருந்தபோது, பாவுக்கடியில் புகுந்த நாயை விரட்டப் போய்க் கடி வாங்கினார். நீட்டிய பாவை நடுத்தெருவில் விட்டுவிட்டு எவரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. கடிவாயில் மஞ்சளை அப்பிக்கொண்டு வேலையை முடித்து, நண்பகலுக்குமேல் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்றார். அங்கே மருத்துவர் கடிந்துகொண்டு, மஞ்சளைக் களைந்து, சோப்பிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவச் செய்தார். கடித்த உடனேயே செய்ய வேண்டிய முதல் சிகிச்சை அதுவே. பிறகு அன்றும், 3ஆம் நாளும், 7ஆம் நாளும், 28ஆம் நாளும் தோலுக்குள் ஊசி. கட்டணம் ஏதுமில்லை. ஆனால் 7ஆம் நாள் அவர் நெசவாளர் சங்கத்தில் துணியைக் கொடுத்துக் கூலி வாங்க வேண்டிய நாளாக வாய்த்துவிட்டது. "இரண்டு ஊசி போதாதா?" என்று அவர் இருந்துவிட்டார். அவருடைய மனைவியார் தறிக்குழியில் இறங்கி நின்றுகொண்டு, "நீங்கள் போகாவிட்டால் நான் ஏறமாட்டேன்" என்று பிடிவாதம் செய்த பிறகே புறப்பட்டாராம். வெறிநாய்க்கடி நோயின் குறி தோன்றியபின் பிழைத்தவர் மிக மிக அரியர். ஆதலால் அவர் சபையில் கேட்ட கேள்வியை வீண் கேள்வி என்று தள்ள நமக்கு மனம் வரவில்லை.

நம் முதியோருக்கு நாய்க்கடி ஊசி என்றாலே தொப்புளைச் சுற்றிப் போடும் 14 ஊசிகள் நினைவுக்கு வரும். ஆட்டு மூளையிலிருந்து தயாரிக்கப்பட்ட அந்தப் பழைய மருந்தை 1911இல் கசௌலியில் டேவிட் செம்பிள் என்பவர் வகுத்தார். நம் நாட்டில் அது 2004ஆம் ஆண்டோடு கைவிடப்பட்டது. இப்போதைய மருந்து தீங்கு குறைந்தது, போடுவதற்கும் எளிது. பதினான்கு நான்காகக் குறைந்துவிட்டது. பன்னிரண்டு கிலோமீட்டர் மட்டும் குறையவில்லை.

மருந்தகத்தில் ஊசி போடுவது உலகில் இல்லாத புதுமையன்று. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 1994இல் மருந்தாளுநர்களுக்கு முறையான பயிற்சி தொடங்கியது. 2009க்குள் 50 மாநிலங்களும் இதற்கு இடங்கொடுத்துவிட்டன. இங்கிலாந்தில் 2015 செப்டம்பர் முதல் இன்ஃபுளுவென்சா சுரத்திற்கான தடுப்பூசியைத் தெருமுனை மருந்தகங்களில் போடும் பணியை அந்நாட்டுத் தேசிய சுகாதாரச் சேவை ஏற்படுத்தியது. 65 வயது கடந்தோர், நாட்பட்ட நோயுடையோர், கருவுற்ற மாதர் முதலியோருக்கு இலவசம். மருந்தகத்திற்கு ஊசி ஒன்றுக்கு ஏறத்தாழ 9 பவுன் கூலி. முதற் பருவத்தில் 6 லட்சத்திற்குச் சற்றுக் குறைவான ஊசிகள் போடப்பட்டன. கொரோனா நோய் பரவிய 2020-21 பருவத்தில் அத்தொகை 25 லட்சத்தைத் தாண்டியது. மருத்துவரிடம் நாள் குறித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. சனிக்கிழமையும் கடை திறந்திருக்கும். காய்கறி வாங்க வந்தவர் கையோடு ஊசியும் போட்டுக்கொண்டு போகலாம். நம் நெசவாளர் கேட்டதும் இதைத்தானே!

ஆயினும் அங்கும் இது தடையின்றி நடந்துவிடவில்லை. அங்குள்ளோர் பட்ட சிரமங்களே நமக்குப் பெரிய பாடம் என்பதால் அவற்றைச் சற்று விரிவாகச் சொல்லுகிறோம்.

இன்ஃபுளுவென்சாக் கிருமி ஆண்டுதோறும் உரு மாறுவது. வரும் குளிர்காலத்திற்கு எந்த வகை மருந்து வேண்டும் என்பதை உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரி மாதத்தில் அறிவிக்கிறது. குடும்ப மருத்துவரும் மருந்தகத்தாரும் பல மாதங்களுக்கு முன்னரே தத்தமக்கு வேண்டிய அளவைச் சொல்லிவைக்க வேண்டும். இந்த ஆண்டு மீந்தது அடுத்த ஆண்டுக்கு உதவாது. மருத்துவர் தம் நோயாளிகளைக் கணக்கிட்டு மருந்து வாங்கி வைத்திருப்பார். அவர்களுள் ஒரு பகுதியினர் தெருமுனை மருந்தகத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவர். மருத்துவரின் குளிர்பதனப் பெட்டியில் மருந்து தேங்கும். அவருக்கு வர வேண்டிய கூலியும் போய்விடும். இதனால் பல ஊர்களில் இருதரப்பாருக்கும் மனத்தாங்கல் உண்டாயிற்று. ஒரே ஊரில் இரு சங்கங்கள் தீபாவளிக்கென்று நூல் வாங்கி வைத்துக்கொண்டு ஒரே நெசவாளரை அழைத்தால் என்ன நடக்கும் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது ஆள் பிரச்சினை. சிறு மருந்தகத்தில் மருந்தாளுநர் ஒருவரே இருப்பார். அவர் உள்ளறையில் ஊசி போடும் நேரத்தில், சீட்டோடு வந்து நிற்பவருக்கு மருந்து கொடுப்பதை யார் மேற்பார்ப்பது? ஊசி குத்தும் வேலை ஒரு நிமிடந்தான். ஆனால் முன்பு ஒவ்வாமை உண்டா என்று விசாரிப்பது, இசைவு பெறுவது, மருந்தின் தொகுதி எண்ணைப் பதிவது, குடும்ப மருத்துவருக்குத் தகவல் அனுப்புவது என்று கூட்டிப் பார்த்தால் அரை மணியில் மூவருக்கு மேல் பார்க்க இயலாது. 2021 ஜனவரியில் கொரோனா ஊசிக்கு முதன்முதல் சில மருந்தகங்களைத் தேர்ந்தெடுத்தபோது, வாரத்திற்கு 1000 ஊசி போடும் வசதியுள்ள கடைகளையே எடுத்தார்கள். சிறு கடைகள் வாயிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தன.

அன்றியும், மருந்தாளுநர் தம் விருப்பப்படி அங்கே ஊசி போடுவதில்லை. இன்னாருக்கு, இந்த மருந்து, இந்த அளவு, இன்ன நிலையில் கூடாது என்று மருத்துவரும் பிறரும் கையொப்பமிட்ட எழுத்துமூலமான ஆணை ஒன்று உண்டு. அதன் வரம்பிற்குள்ளேயே அவர் இயங்குகிறார். நேரில் ஊசிப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மயங்கி விழுந்தவருக்கு உயிர்காக்கும் முதலுதவி தெரிந்திருக்க வேண்டும். மறைவான அறை வேண்டும். அட்ரினலின் மருந்து கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இங்கே ஒரு சிறு செய்தி. ராச்டேல் முன்னோடிகள் 1844இல் கடை திறந்த நாட்டிலே, அவர்கள் வழிவந்த பெரிய கூட்டுறவு நிறுவனம் 700க்கு மேற்பட்ட மருந்தகங்களை நடத்திவந்தது. 2013இல் அதன் வங்கியால் நேர்ந்த பெரு நட்டத்தைத் தொடர்ந்து, 2014இல் அவை அனைத்தையும் 62 கோடி பவுனுக்குத் தனியாரிடம் விற்றுவிட்டது. மருந்தகங்களுக்கு ஊசிப் பணி வந்தது அதற்கு அடுத்த ஆண்டு. இதைப் படித்தபோது நமக்கு ஏற்பட்ட வருத்தத்தை மறைக்க விரும்பவில்லை.

இனி நம் வீட்டிற்கு வருவோம். தமிழ்நாட்டில் கூட்டுறவு மருந்தகங்கள் பல ஆண்டுகளாக உள்ளன. 2025 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்ட 1000 முதல்வர் மருந்தகங்களிலும் பல கூட்டுறவுச் சங்கங்களால் நடத்தப்படுவன. கடை உண்டு, பட்டயம் பெற்ற மருந்தாளுநர் உண்டு. குளிர்பதனப் பெட்டியும் உண்டு. இந்தக் குளிர்பதனப் பெட்டியைப் பற்றித்தான் நாம் சற்று அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

தீர்மானம் போட்ட சங்கத்தின் மருந்தகத்தைத் தணிக்கை செய்தோம். பெட்டியைத் திறந்தவுடன் மல்லிகைப் பூப்பொட்டலம் ஒன்று மணத்தது. அதன் கீழே இரண்டு தண்ணீர்ப் போத்தல்கள், ஒரு தூக்குப்பாத்திரத்தில் தோசை மாவு. மருந்துகள் எங்கே என்று கேட்டோம். கதவிலுள்ள தட்டில் நாய்க்கடி மருந்தும், மேல்தட்டில் பனிக்கட்டி அறையின் சுவரை ஒட்டி இன்சுலின் குப்பிகளும் இருந்தன. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் வெப்பம் ஏறும் இடம் கதவு. மருந்து உறைந்துபோகும் இடம் பனிக்கட்டி அறைச் சுவர். இருக்கின்ற இடங்களுள் ஆகாத இரண்டையும் தேர்ந்தெடுத்து வைத்திருந்தார்கள்.

வெப்பநிலைப் பதிவேட்டைக் கேட்டோம். உடனே எடுத்துக் கொடுத்தார்கள். அட்டை போட்டு, பக்க எண் இட்டு, அழகாக இருந்தது. மாதம் முழுவதும் காலை 4 டிகிரி, மாலை 4 டிகிரி. ஒரே பேனா, ஒரே சாய்வு. 17ஆம் தேதிக்கும் 4 டிகிரி. அந்த 17ஆம் தேதி அவ்வூரில் மின்மாற்றி பழுதாகிப் பகல் முழுவதும் மின்சாரம் இல்லை. கணினி இயங்கவில்லையாதலால் ஆய்வை ஒத்திவைக்க வேண்டும் என்று அதே சங்கம் நமக்குக் கடிதம் எழுதியிருந்தது. கடிதம் நம் கோப்பில் இருந்தது. காரியதரிசியிடம் காட்டினோம். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "வெப்பமானி உடைந்து ஆறு மாதம் ஆகிறது, ஐயா" என்றார். உண்மையைச் சொன்னதற்காக அவரை நாம் பாராட்டினோம்.

தடுப்பூசி மருந்துகள் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். வெப்பம் பட்டால் கெடும் என்பதை எல்லோரும் அறிவர். உறைந்தாலும் கெடும் என்பதைப் பலர் அறியார். ரணஜன்னி எனப்படும் டெட்டனஸ் ஊசி, மஞ்சட்காமாலை 'பி' வகை ஊசி முதலியவை ஒருமுறை உறைந்தால் போதும். பிறகு உருகி முன்போலத் தோன்றினாலும் பயன் போய்விடும். பார்வைக்கு நன்றாக இருக்கும், விலைக்கும் போகும், ஊசியும் வலிக்கும், காப்பு மட்டும் இராது. நூலில் கலப்படம் என்றால் தறியில் அறுந்து காட்டிக்கொடுத்துவிடும். கெட்ட மருந்து நோய் வரும்வரை வாய் திறவாது. அரசுத் திட்டத்தில் வரும் குப்பிகளின்மேல் வட்டத்திற்குள் சிறு சதுரம் ஒன்று உண்டு. வெப்பம் பட்டால் அது கறுத்துக் காட்டும். 1996 முதல் போலியோ சொட்டு மருந்தில் வழக்கத்திற்கு வந்த அச்சாதனமும் உறைதலைக் காட்டாது. மின்சாரம் போனாலும் பல மணி நேரம் குளிர் காக்கும் பனிச்சுவர்ப் பெட்டிகளை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்திருப்பது இதற்காகவே. நம் மருந்தகத்தில் இருப்பதோ வீட்டுப் பெட்டி.

இதைவிட நம்மை அதிகம் கவலையுறச் செய்தது வேறு. ஊசி போடுவது பிறகு இருக்கட்டும். நாய்க்கடி மருந்தை இன்றைக்கே விற்றுக்கொண்டுதான் இருக்கிறோம். தனியார் வைத்தியரிடம் போட்டுக்கொள்வதற்காக வாங்கும் அங்கத்தினர், அதைச் சட்டைப் பையிலோ வண்டிப் பெட்டியிலோ வைத்துக்கொண்டு சித்திரை வெயிலில் செல்கிறார். இன்சுலினும் அப்படியே. சங்கத்தின் பெயரை நம்பி வாங்கும் பொருள் அது.

சட்டத்தின் நிலையையும் சொல்லிவிடுகிறோம். நம் நாட்டில் மருந்தகத்திற்கு வழங்கப்படும் உரிமம் மருந்தைச் சேமித்து வைப்பதற்கும் விற்பதற்கும் உரியது. அங்கே அமர்த்தி ஊசி போடுவதற்கு அது இடந்தரவில்லை. 2021இல் கொரோனா ஊசியும் அரசு, தனியார் மருத்துவமனைகளின் வாயிலாகவே போடப்பட்டது. முன்னாளில் கம்பவுண்டர் ஊசி போட்டாரே என்று சிலர் கேட்கலாம். போட்டார், ஒரே ஊசியை வெந்நீரில் முக்கி ஊர் முழுவதற்கும் போட்டவர்களும் உண்டு. அதனால் பரவிய காமாலைக்குக் கணக்கு எழுதியவர் எவருமில்லை.

சட்டம் இவ்வாறு கண்டிப்பாய் இருப்பதற்குக் காரணமும் உண்டு. ஊசி போட்டபின் கடுமையான ஒவ்வாமை உண்டாவது மிக அரிது. பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு என்பர். ஆனால் அந்த ஒருவர் நம் கடையில் விழுந்தால் சில நிமிடங்களுக்குள் அட்ரினலின் போட வேண்டும். அதற்காகவே ஊசிக்குப்பின் அரை மணி நேரம் இருந்து போகச் சொல்லுகிறார்கள். தூளாக வரும் மருந்தைக் கரைக்கும் நீர் மாறிவிட்டாலும் பெருங்கேடு. சிரியா நாட்டில் இட்லிப் மாகாணத்தில் 2014 செப்டம்பரில், தட்டம்மை மருந்தைக் கரைக்கும் நீரென்று தவறாக எண்ணித் தசையைத் தளர்த்தும் மருந்தைக் கலந்துவிட்டதால் 15 குழந்தைகள் மாண்டனர். நம் மாநிலத்திலும் 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்டபின் 4 குழந்தைகள் இறந்தனர். அதன்பின் ஊர் ஊராகச் சென்று ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் நிலையங்களிலேயே போடும் முறை சில காலம் இருந்தது. பாதுகாப்புக் கூடியது, தாய்மார் நடக்க வேண்டிய தூரமும் கூடியது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்றும் கூடிவிடுகிறது என்பதே இவ்விஷயத்தின் சங்கடம்.

நம்முடைய அபிப்பிராயத்தை ஒளிக்காமல் கூறுகிறோம். எதிர்காலத்தில் சட்டம் இடங்கொடுக்குமாயின், வயது வந்தோருக்கான டெட்டனஸ், இன்ஃபுளுவென்சா ஊசிகளைக் கூட்டுறவு மருந்தகங்கள் போடலாம்; போட வேண்டும் என்றே விரும்புகிறோம். பஞ்சுத் தூசியில் இருமிக்கொண்டு உழைக்கும் முதியோருக்கும், அரிவாளும் கொழுவும் பட்டுக் காயப்படும் குடியானவருக்கும் அது பேருதவி. கைக்குழந்தைகளுக்கு வேண்டாம். நாய்க்கடிக்கு முதல் ஊசியும் வேண்டாம். ஏனெனில் கடிவாயைப் பார்த்து அதன் தரத்தை முடிவு செய்யவும், ஆழமான கடியானால் காயத்திற்குள்ளேயே நோயெதிர்ப்பு மருந்தைச் செலுத்தவும் மருத்துவர் வேண்டும். பின்வரும் ஊசிகளுக்கு வேண்டுமானால் பக்கத்து இடம் தேடலாம். அதற்கும் இன்றைய பெட்டி தகுதியற்றது.

தீர்மானத்தின் மீது நாம் எழுதிய குறிப்பு ஒன்றரைப் பக்கம். இப்போதைக்கு ஊசி போட வழியில்லை என்பது முதல் வரி. புதிய வெப்பமானி ஒன்று, அதிகபட்சமும் குறைந்தபட்சமும் காட்டுவது, உடனே வாங்க வேண்டும். பெட்டியில் மருந்தன்றி வேறெதுவும் இருக்கலாகாது. மருந்து நடுத்தட்டில் இருக்க வேண்டும். மின்சாரம் நின்றால் தாங்கும் மின்கலச் சாதனம் வேண்டும். நாய்க்கடி மருந்தையும் இன்சுலினையும் குளிர்ப் பொதியோடு அல்லாமல் கொடுக்கலாகாது என்பன மற்றவை.

முதியவரின் நான்கு நாட்களுக்கு என்ன வழி என்று யோசித்து, நெசவாளர் சங்கக் காரியதரிசியையும் அழைத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவரைப் பார்த்தோம். அவர் நல்லவர், ஆனால் அன்று புதன்கிழமை, குழந்தைகளுக்குத் தடுப்பூசி நாளாதலால் நம்மை ஒரு மணி நேரம் நிற்க வைத்தார். இரண்டாம் ஊசி முதல் வருபவர்களைச் சீட்டுக்கு நிறுத்தாமல் காலையில் முதலில் அனுப்பிவிடுவதாக ஒப்புக்கொண்டார். நெசவாளர் சங்கத்தார், நாய்க்கடிச் சீட்டைக் காட்டுபவர் எந்த நாளில் துணி கொண்டுவந்தாலும் பெற்றுக்கொண்டு கூலி தருவதாக எழுதிக் கொடுத்தார்கள். பன்னிரண்டு கிலோமீட்டர் அப்படியேதான் இருக்கிறது. ஒரு நாள் அரை நாளாகியிருக்கிறது. அதைக் கூட முதியவர், "அரை நாள் என்றால் ஒரு முழம்" என்று கணக்குப் போட்டே ஏற்றுக்கொண்டார். 28ஆம் நாள் ஊசியையும் போட்டுக்கொண்டுவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து மருந்தகத்தை மீண்டும் பார்த்தோம். பெட்டியில் பூ இல்லை, மாவு இல்லை. பதிவேட்டைத் திறந்தால் 5, 7, 3, 6 என்று எண்கள் ஏறியும் இறங்கியும் இருந்தன. மையும் இரண்டு மூன்று நிறம். ஒரு காலையில் மட்டும் சுழியத்திற்குக் கீழே 1 என்று எழுதி, அதன்கீழ் சிவப்புக் கோடு இட்டிருந்தது. கோடைக்குப் பயந்து கடைப் பையன் குளிர்த் திருகைக் கடைசி எண்ணுக்குத் திருப்பிவிட்டானாம். மருந்தாளுநர் அன்றே 11 இன்சுலின் குப்பிகளை எடுத்துத் தனியே கட்டி, 'விற்பனைக்கு அன்று' என்று எழுதி வைத்திருந்தார். நட்டம் 1,600 ரூபாய்க்குச் சற்று மேல்.

அந்தப் பதிவைக் கண்டு நாம் மகிழ்ந்தோம். நிர்வாகக் குழுவினர் மகிழவில்லை. நட்டத்தைப் பையனிடம் பிடிப்பதா, மருந்தாளுநரிடம் பிடிப்பதா, சங்கமே எழுதித் தள்ளுவதா என்று விவாதம் நடந்துகொண்டிருந்தது. பிடித்தம் செய்தால் அடுத்த மாதப் பதிவேட்டில் மறுபடியும் 4, 4, 4 என்றுதான் காண்பீர்கள் என்று சொன்னோம். குழு உறுப்பினர் ஒருவர், "அப்படியானால் கவனக்குறைவுக்குச் சங்கம் பணம் கட்ட வேண்டுமா?" என்று கேட்டார். அதுவும் நியாயமான கேள்வியே. கழிவுக் கணக்கில் எழுதிக்கொள்ள அனுமதி கோரும் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம்; பரிந்துரையுடன் மேலே அனுப்பியுள்ளோம்.